எம்.ஆர்.ஐ. கொன்ட்ராஸ்ட் மருந்துக்குப் பின் உடலில் கடோலினியம்: கொழும்பில் எங்கே காட்டுவது?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். என் தங்கைக்குத் தை மாதத்திலும் பங்குனியிலும், படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கொன்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இரண்டாவது ஸ்கேனுக்குப் பத்து நாட்களின் பின் தொடங்கிய கால் எரிவும் விரல் விறைப்பும் நான்கு மாதங்களாகியும் தணியவில்லை. இரவில் போர்வை பட்டாலே அழுகிறாள். ஒரு தனியார் நிலையத்தில் ஏதோ மருந்தொன்றைக் கொடுத்து, அதன் பின் சேகரித்த சிறுநீரில் கொன்ட்ராஸ்ட் மருந்திலுள்ள கடோலினியம் என்ற உலோகம் மிகுதியாக இருப்பதாகக் கூறி, உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தைச் சேலைனுடன் ஏற்றும் கீலேஷன் சிகிச்சையைப் பத்துத் தடவை செய்ய வேண்டும் என்கிறார்கள். அம்மாவின் காப்பை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு முன், உலோக நச்சை முறையாகப் பார்க்கும் இடம் கொழும்பில் எது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

காப்பை அடகு வைக்காதீர்கள். நான் கதிரியக்கப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவன். சிறுநீரகம் நன்றாக இயங்குபவரின் உடலிலிருந்து இம்மருந்தில் தொண்ணூறு வீதத்துக்கும் மேல் ஒரே நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். மிகச் சிறு பங்கு எலும்பிலும் மூளையிலும் தங்குவது உண்மையே. பல தடவை ஏற்றிக்கொண்டவர்களின் மூளைப் படங்களில் அதன் தடயத்தை 2014-இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேர்கோட்டு அமைப்புடைய மருந்துகள் கூடுதலாகவும், உலோகத்தை வளையத்துக்குள் இறுகப் பிடித்திருக்கும் வகை குறைவாகவும் தங்கும். அதனால்தான் 2017-இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை, நாளத்தில் ஏற்றும் நேர்கோட்டு மருந்துகள் சிலவற்றை இடைநிறுத்தி, இரண்டைக் கல்லீரல் படத்துக்கு மட்டும் விட்டுவைத்தது. ஆகவே ஸ்கேன் எடுத்த இடத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தங்கைக்குச் செய்த சிறுநீர்ப் பரிசோதனைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்தால் யாருக்கும் உலோகம் கூடுதலாகவே வரும். அதை, மருந்து கொடுக்காமல் எடுத்த சாதாரண அளவோடு ஒப்பிடுவது பிழை. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இம்முறையை ஏற்பதில்லை. டி.டி.பி.ஏ. என்ற கீலேஷன் மருந்துக்கு அமெரிக்காவில் 2004-இல் கிடைத்த அனுமதி புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம் ஆகியவற்றுக்கே, கடோலினியத்துக்கு அன்று. ஈ.டி.டி.ஏ. என்ற இன்னொரு கீலேஷன் மருந்தின் தவறான வகை ஏற்றப்பட்டதில் இரத்தக் கல்சியம் சடுதியாக வீழ்ந்து, 2003-க்கும் 2005-க்கும் இடையில் அங்கே மூவர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் குழந்தைகள்.

பதில் 2 (கொட்டாஞ்சேனை)

அக்கா, இதே பாதையில் என் அம்மாவும் நடந்தார், அதனால் எழுதுகிறேன். ஸ்கேனுக்குப் பின் வந்த எரிவு என்பதால் எல்லாவற்றையும் கொன்ட்ராஸ்ட் மருந்தின் மேல் போட்டோம். கடைசியில் நரம்பியல் நிபுணர் இரத்தத்தைச் சோதித்தபோது பி12 விட்டமின் மிகக் குறைந்திருந்தது. ஊசி போட்ட சில மாதங்களில் எரிவு குறைந்தது. உங்கள் தங்கைக்கும் அதுதான் என்று சொல்லவில்லை. நீரிழிவு, தைரொயிட், பி12 ஆகியவற்றைப் பார்க்காமல் உலோகத்தை மட்டும் தேடினால், குணமாக்கக்கூடிய ஒன்று தப்பிவிடும்.

கொழும்பில் இதற்கென்றே தனியான மையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்திடம் முதலில் ஆலோசனை கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை சரியில்லை என்றால் உடனே சிறுநீரக நிபுணரைப் பாருங்கள்; சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்குத் தோலும் மூட்டும் இறுகும் நோய் இம்மருந்தால் வருவது 2006 முதல் அறியப்பட்டது. சிகிச்சை சொன்னவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஸ்கேன் நிலையத்தில் இன்று கேட்டு வாங்கிய குறிப்பின்படி இரண்டு தடவையும் ஏற்றியது வளைய வகை மருந்து. கிரியேட்டினின் அளவும் சரியாக இருக்கிறது. கீலேஷன் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். வரும் செவ்வாய்க்கிழமை நரம்பியல் கிளினிக்குக்கு நாள் கிடைத்திருக்கிறது. நீங்கள் சொன்ன இரத்தப் பரிசோதனைகளை அதற்கு முன் எடுத்து, முடிவுகளையும் கையோடு கொண்டு போகிறோம்.