சவுண்ட்செக் மட்டும்தான், ரிகர்சல் இல்லை: ஃபியூஷன் கச்சேரியில் விருந்தினர்களை எப்படிச் சேர்ப்பது?

ஆறுதந்தி:
கிதார் தலைமையில் நால்வர் குழு. மூன்று பீஸுக்கு மட்டும் டெனர் சாக்ஸும் வயலினும் சேர்கிறார்கள். சவுண்ட்செக் ஒரு மணி நேரம். ஒரு பீஸ் ஈ மேஜர், மெலடியை கிதார், சாக்ஸ், வயலின் மூவரும் யூனிசனில் (ஒரே மெட்டை ஒன்றாக) வாசிக்கணும். இன்னொன்று 7/8 (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஏழு எட்டாம் நோட்). கிதார் நோட்டேஷனையே எல்லாருக்கும் அனுப்பலாமா? சோலோவை எப்படி முடிப்பது? வயலினில் பியெசோ பிக்கப் (அதிர்வைச் சிக்னலாக்கும் சென்சார்), சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் கிடையாது.

ரீட்இரண்டரை:
அதே தாள் சாக்ஸுக்கு ஆகாது. டெனர் எழுதியதைவிட ஒரு ஆக்டேவும் (ஒரு ஸ்தாயி) ஒரு முழு டோனும் (கிதாரில் இரண்டு ஃபிரெட் தூரம்) கீழே ஒலிக்கும். கிதாரும் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் கீழேதான். ஆகவே உங்கள் வரியை ஒரே ஒரு முழு டோன் ஏற்றி எழுதினால் போதும், சாக்ஸ் அதே ஸ்தாயியில் வந்து உட்காரும். ஆறாம் தந்தியின் நாலாம் ஃபிரெட்டுக்குக் கீழே மட்டும் அதற்குச் சுரம் இல்லை. வயலினுக்கு உங்கள் தாளையே கொடுக்கலாம், ஒரு ஆக்டேவ் மேலே கேட்கும். அதுவே நல்லது, மூன்றும் ஒரே ஸ்தாயி என்றால் வயலின் அமுங்கிவிடும்.

ஈ மேஜர் டெனருக்கு எஃப் ஷார்ப், அதாவது ஆறு ஷார்ப். வேகமான ஓட்டங்கள் இருந்தால் முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு எஃப்-க்கு ஏற்றுங்கள். சாக்ஸுக்கு ஜி மேஜர் கிடைக்கும், ஒரே ஷார்ப்.

தகிட:
கேப்போ வேண்டாம். பேஸ் ரிஃப் ஓப்பன் ஈ தந்தியில் நின்றால் அந்தக் கனம் போய்விடும். தேர்ந்த சாக்ஸ்காரருக்கு ஆறு ஷார்ப் புதிதல்ல, தாளை ஒரு வாரம் முன்பே கொடுங்கள்.

ஆபத்து 7/8-ல்தான். 3+4-ஆ, 4+3-ஆ என்று தாளின் தலையிலேயே எழுதுங்கள். டிரம்மர் தகிட தகதிமி, விருந்தினர் தகதிமி தகிட என்று போனால் பார் கணக்கு தப்பாது, ஆனால் ஒவ்வொரு பாரிலும் அழுத்தம் மோதும். மேடையில் காரணமும் பிடிபடாது.

சோலோவை ஓப்பனாக (பார் எண்ணிக்கை வைக்காமல்) விட்டு, முடிக்க ஒரு தீர்மானம் (மூன்று முறை வரும் முடிப்புச் சொற்கட்டு) வையுங்கள். ததிங்கிணதொம் ஐந்து எட்டாம் நோட், மூன்று எட்டாம் நோட் விடுப்பு (மௌனம்), மறுபடி ஐந்து, மூன்று, ஐந்து. மொத்தம் 21, சரியாக மூன்று பார். சைகைக்குப் பின் ஒரு பார் சும்மா போகட்டும், அடுத்த பாரில் தொடங்கினால் நாலு பார் நிறையும். சைகை உங்களுடையது மட்டுமே. கிதார் கழுத்தைத் தூக்கிக் காட்டுங்கள். தலையசைப்பு வேண்டாம், ரசித்துத் தலையாட்டுவதையும் சைகை என்று எடுத்துக்கொள்வார்கள்.

மேடைஒலி:
பியெசோவைச் சாதாரண பாஸிவ் (மின்சாரம் தேவைப்படாத) டிஐ பாக்ஸில், அதாவது கருவியை மிக்ஸருடன் இணைக்கும் பெட்டியில், செருகினால் அடிக்கனம் போய்க் கீச்சென்று கேட்கும். 1 மெகா ஓமாவது இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ வேண்டும். வயலினின் மிகக் கீழ்ச் சுரமே 196 ஹெர்ட்ஸ் என்பதால் 150-ல் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) தாராளமாகப் போடலாம்.

சாக்ஸ் மைக்கை பெல்லுக்குள் (விரிந்த வாய்ப்பகுதி) நீட்டாதீர்கள், கீழ்ச் சுரங்கள் மட்டும் வெடிக்கும். மற்ற சுரங்கள் பெரும்பாலும் கீகளின் துளைகள் வழியாகத்தான் வருகின்றன. ஒரு சாண் தள்ளி, பெல்லின் விளிம்புக்குச் சற்று மேலே கீகளைப் பார்த்து வையுங்கள். சூப்பர்கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும்) மைக் என்றால் மானிட்டர் ஸ்பீக்கர் நேர் பின்னால் கூடாது. ஏறத்தாழ 125 டிகிரியில், பின்பக்கவாட்டில்தான் அதற்குக் காது மந்தம்.

சவுண்ட்செக்கில் ஆறு பேரும் சேரும் சத்தமான பகுதியை முதலில் வாசியுங்கள். யார் எந்த பீஸில் ஏறுகிறார்கள் என்ற பட்டியல் மிக்ஸர்காரரிடம் இருக்கட்டும். ஆளில்லாத வயலின் சேனல் திறந்திருந்தால் ஃபீட்பேக் (ஊளைச் சத்தம்) அங்கிருந்துதான் கிளம்பும்.

ஆறுதந்தி:
ஈ-யிலேயே வைத்துக்கொள்கிறேன். தீர்மானத்தின்போது டிலே (எதிரொலி) பெடல் ஓடலாமா?

தகிட:
அணைத்துவிடுங்கள். அந்த விடுப்புகள் காலியாக இருந்தால்தான் தீர்மானமே காதில் விழும்.