அம்மா பெங்களூர் முதியோர் இல்லத்தில், நாம் இங்கே: கவனிப்பு சரியில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

போன வாரம் இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். கனடா வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். அப்பாவைப் பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். வீடியோ காலில் பார்த்தால் அப்பாவின் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போல ஒரு கறுப்புத் தடம். கேட்டால் "டிரிப்ஸ் போட்ட இடம் சார்" என்கிறார்கள். வக்கீலைப் பார்ப்பதா, போலீசுக்குப் போவதா என்று தெரியாமல் நிற்கிறார்.

தம்பி, டிரிப்ஸ் இரண்டு கையிலும் வளையம் போட்டு ஏறாது. கட்டிப்போட்டிருப்பார்களோ என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதை இங்கிருந்து நீங்களும் நானும் சொல்லிப் பயனில்லை, ஒரு டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும். இன்றைக்கே பெங்களூரில் இருக்கும் யாரையாவது நேரில் அனுப்புங்கள். போனில் சத்தம் போடாதீர்கள். நான் போட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. மிசிசாகாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு மறதி நோய். கனகபுரா ரோடு பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். 2 லட்சம் டெபாசிட், மாதம் 38,000 ரூபாய். சனிக்கிழமைதோறும் வீடியோவில் காட்டுவார்கள். தலை வாரி, பவுடர் போட்டு, இடுப்புக்குக் கீழே போர்வை மூடி நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். நானும் நிம்மதியாக இருந்தேன். 2024 பிள்ளையார் சதுர்த்தி அன்று சித்தி அல்சூரிலிருந்து கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல் போனார். பக்கத்தில் உட்கார்ந்ததும் வாடை. ஆயாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் புடவையை விலக்கிப் பார்த்தால், முதுகெலும்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அந்த அளவுக்குப் புண் ஒரு நாளில் வராது. படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிவிட வேண்டும் என்பது நர்ஸ் வேலையின் பாலபாடம்.

நான் அங்கே போன் போட்டுக் கத்தினேன். சொந்தக்காரர்கள் குழுவில் இல்லத்தின் பெயரைப் போட்டுத் திட்டினேன். அன்று மாலையே "24 மணி நேரத்தில் உங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள்" என்று செய்தி வந்தது. சித்தி முதல் நாள் கேட்டபோது இல்லாத ஒரு நோட்டு மறுநாள் முளைத்தது. மூன்று மாதமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டதாகக் கையெழுத்து, எல்லாம் ஒரே பேனாவில். சித்தி வாக்குவாதம் எதுவும் செய்யாமல் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

இடையில் ஒன்று. மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள்தான் முதலில் போகும் என்பார்கள். அம்மா நாற்பது வருடம் கன்னடம் பேசியவர், கடைசியில் தமிழ் மட்டும்தான் நின்றது. ஆயாக்களோ ஒடிசா, அசாம் பக்கத்துப் பெண்கள், வந்த இடத்தில் கொஞ்சம் கன்னடம் கற்றவர்கள். "வலிக்குது" என்றால் அவர்களுக்குப் புரியவில்லை. "நோவு" என்றால் புரிந்திருக்கும், கன்னடத்திலும் அதே சொல்தான். சேர்க்கும்போதே பத்து வார்த்தை எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவிட்டு வாருங்கள். ஆயாக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரியில் முப்பது பேருக்கு ஒருத்தியை விட்டால் அவள் என்ன செய்வாள்? கோபமெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டவர் மேல்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். முதலில் வார்த்தைக் குழப்பம். இங்கே நர்சிங் ஹோம் என்றால் முதியவர்கள் தங்கும் இடம். பெங்களூரில் அந்தப் போர்டு மாட்டியிருந்தால் அது சின்ன ஆஸ்பத்திரி. ஒன்டாரியோவில் நர்சிங் ஹோமில் ஒருவரைக் கொடுமைப்படுத்துவதாகச் சந்தேகம் வந்தாலே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதே பழக்கத்தில் ஊரிலும் ஒரே ஒரு நம்பர் இருக்கும் என்று தேடாதீர்கள். அங்கே கதவுகள் பல, நம் ஆட்கள் பெரும்பாலும் போய் நிற்பது தப்பான கதவில்.

நாங்களும் நின்றோம். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சித்தி உதவி ஆணையர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை அலைந்தார். மூன்றாவது தடவை அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டாராம்: "மகள் மேல்தானே மனு?" அந்தத் தீர்ப்பாயம், பிள்ளைகளும் வாரிசு உறவினரும் பராமரிக்காவிட்டால் ஜீவனாம்சம் கேட்கும் இடம். காசு வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்ட இல்லத்தின் மேல் அங்கே வழக்குப் போட முடியாது. கொஞ்சம் விட்டிருந்தால் சித்தி என் மேலேயே மனு கொடுத்திருப்பார்!

பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சட்டம் 2019-ஆம் ஆண்டினது. எவ்வளவு நஷ்ட ஈடு கேட்கிறோம் என்பதை வைத்து அல்ல, நாம் கட்டிய தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று முடிவாகும். 50 லட்சம் வரை மாவட்டம். 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. நாங்கள் கட்டியது ஏழு லட்சத்துச் சொச்சம், கட்டணம் 200 ரூபாய். இணையத்திலேயே மனு போடலாம், வீடியோ மூலம் விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலே வாதாடலாம் என்பது உண்மைதான், ஆனால் எதிரில் அவர்கள் வக்கீலோடு வருவார்கள். யாரிடமும் காசு வாங்காத தர்ம இல்லம் என்றால் இந்தக் கதவு திறக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பவர்களுக்கு: 1987-ஆம் ஆண்டின் சட்ட சேவைகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மகள் கனடாவில் டாலரில் சம்பாதிக்கிறாளே என்று சித்தி கூச்சப்பட்டார். மனுதாரர் அம்மா, நான் இல்லை. கர்நாடக மாநிலச் சட்ட சேவைகள் ஆணையம் சித்தையா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது. 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் வயதில் சின்னப் பெண். முதல் நாளே சித்தியிடம் "அந்த நோட்டு போட்டோ எந்தப் போனில் எடுத்தது? அந்தப் போனை மாற்றிவிடாதீர்கள்" என்றார். 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி போட்டோ, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றுக்கும் ஒரு சான்றிதழ் சேர்த்துத் தர வேண்டும். எடுத்த போனையே வைத்திருந்தால் அந்த வேலை சுலபம்.

போலீஸ் கதவு வேறு. அடித்தது, கட்டிப்போட்டது, உயிருக்கு ஆபத்தாக விட்டது, நகையைக் கழற்றியது இவையெல்லாம் அங்கே. பழைய ஐ.பி.சி. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. கட்டி வைப்பதும் பூட்டி வைப்பதும் 126, 127-ஆம் பிரிவுகளில் வரும், உயிருக்கு ஆபத்து விளைவிப்பது 125. 357 என்று ஒரு பிரிவு இருக்கிறது. நம் மாதிரி ஆட்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: இயலாத ஒருவரைக் கவனித்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது. ஆனால் தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை. அதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் ஸ்டேஷனில் ஒரு ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதுங்கள், பிரிவை அவர்கள் போடட்டும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது. இங்கிருந்து மின்னஞ்சலில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஊரில் இருப்பவர் நேரில் கொடுப்பதே மேல். பெங்களூரில் 1090 முதியோர் உதவி எண், நகரப் போலீசோடு சேர்ந்து நடப்பது. நாடு முழுவதற்கும் 14567. ஆபத்து என்றால் 112.

இதற்கெல்லாம் முன்னால் ஆஸ்பத்திரி. தனியார் டாக்டர் மருந்து போட்டு அனுப்பிவிடுவார். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எப்படி வந்த காயம் என்று சந்தேகம் இருப்பதாகச் சொல்லி எம்.எல்.சி., அதாவது போலீஸ் விசாரணை தேவைப்படலாம் என்கிற மருத்துவ-சட்ட வழக்காக, பதிவு செய்யச் சொல்லுங்கள். புண்ணின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுத்தில் வரும். பழைய மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். சிகிச்சை கொடுத்த டாக்டர் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான நெறிமுறை சொல்கிறது. இல்லத்தில் சிகிச்சையும் நடக்கிறது என்றால் கர்நாடகத்தின் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு மனு.

இங்கிருந்து நாம் செய்யக்கூடிய பெரிய உதவி பவர் பத்திரம். ஊரில் ஒருவர் உங்கள் சார்பில் கையெழுத்துப் போடவும், ஆவணம் கேட்கவும் அது வேண்டும். இந்தியத் தூதரகத்தில் செய்யலாம், அல்லது நோட்டரி போட்டு அப்போஸ்டில் முத்திரை (பத்திரம் வெளிநாட்டிலும் செல்லும்படி அரசு தரும் சான்று) வாங்கலாம். கனடாவில் 2024 ஜனவரியிலிருந்துதான் அப்போஸ்டில் வந்தது, பழைய பதிவுகளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். பத்திரம் பெங்களூர் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நான் முதல் பத்திரத்தை இந்த விஷயம் தெரியாமல் வீணாக்கினேன். அப்புறம் ஒன்று, இந்தப் பவர் உங்கள் பெயரில் உள்ளவற்றுக்கு மட்டும். அப்பா, அம்மா தெளிவாக இருக்கும்போதே அவர்களும் தனியாக ஒன்று எழுதித் தரட்டும்.

கீழே கேட்டவர்களுக்கு இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

"புகார் கொடுத்தால் பெற்றோரைக் கைவிட்டதாக உங்கள் மேலேயே கேஸ் போடுவோம்" என்று இல்லம் மிரட்டுகிறதாம். அது 2007 சட்டத்தின் 24-ஆம் பிரிவு. முழுவதுமாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால்தான் குற்றம். மாதாமாதம் பணம் அனுப்பி, வாரம் ஒருமுறை பேசுகிறவர் மேல் அது எப்படிப் பாயும்? வங்கி ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒப்பந்தத்தில் "எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பவருக்கு: எல்லோரும் போடுகிறோம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்க 2019 சட்டத்திலேயே வழி இருக்கிறது. நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்திருக்கிறது.

இன்னொரு கேள்வி, எழுதவே கை வரவில்லை. இல்லத்தில் இருக்கும்போதே போய்விட்டால், சந்தேகமும் இருந்தால், தகனத்துக்கு அவசரப்படுத்துவார்கள். நம் சொந்தக்காரர்களே "நீ வர இரண்டு நாள் ஆகும், எதற்குப் போட்டு அலைக்கழிக்க வேண்டும்" என்பார்கள். ஊரில் இருப்பவர் போலீசுக்கு எழுத்தில் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். எரித்த பிறகு எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் விஷயம் சமரசத்தில் முடிந்தது. டெபாசிட், ஆஸ்பத்திரிச் செலவு, அதற்கு மேல் கொஞ்சம். சின்ன வக்கீல் அந்த நோட்டின் மூன்று மாதக் கையெழுத்தையும் வரிசையாக மேசையில் பரப்பினார், எதிர் வக்கீல் தன் கட்சிக்காரரை வெளியே அழைத்துப்போய்ப் பேசினார், அவ்வளவுதான். அம்மா இப்போது சித்தி வீட்டுக்கு எதிரில், கீழ்த்தளத்தில், ஒரு தமிழ் ஆயாவோடு இருக்கிறார். புண் ஆற ஐந்து மாதம் ஆனது.

தம்பி, உங்கள் அப்பா இருக்கும் ஏரியாவையும், அவரைப் பார்க்க நீங்கள் அனுமதி கொடுப்பதாக ஒரு கடிதத்தையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். சித்தியிடம் பேசிவிட்டேன். ஞாயிறு சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன் என்கிறார். இல்லத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.