புதுப்பிப்பு: ஓஎல்இடியா, கியூஎல்இடியா, மினி எல்இடியா?
55 அங்குல டிவிக்கு இந்த மூன்றில் எது என்று முன்பு கேட்டிருந்தேன். மினி எல்இடி வாங்கிவிட்டோம்.

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும்; அணைந்தால் முழுக் கறுப்பு. இருட்டறையில் படம் பார்க்க அதுதான் அருமை. ஆனால் எங்கள் கூடத்தில் பகல் முழுக்க வெயில், அம்மாவுக்கோ எந்நேரமும் ஒரே செய்திச் சேனல். அசையாத லோகோ ஆண்டுக்கணக்கில் இருந்தால் திரையில் தழும்பாகப் பதிய வாய்ப்புண்டு.

கியூஎல்இடி, குவாண்டம் டாட் (நிறத்தைத் துல்லியமாக்கும் நுண்துகள்) படலம் சேர்த்த, பின்விளக்கால் ஒளிரும் எல்சிடிதான். மலிவு மாடல்களில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. மினி எல்இடியும் எல்சிடிதான், ஆனால் அதில் குட்டி விளக்குகளால் ஆன பின்விளக்கு பகுதி பகுதியாக மங்கும்; அதனால் கறுப்பு மேலாக இருக்கும். இருண்ட காட்சியில் சப்டைட்டிலைச் சுற்றி லேசான ஒளிவட்டம் வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், கடையில் ‘விவிட்’ மோடை (நிறத்தையும் வெளிச்சத்தையும் மிகையாகக் காட்டும் அமைப்பு) மாற்றச் சொல்லிப் பாருங்கள். பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை) என்றால் அங்கே நிறம் வெளுக்கும்.