டயானா மந்துவானா செதுக்கிய அச்சு: முந்தைய பதிவா, பிந்தையதா? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இத்தாலியின் மாந்துவாவில் பிறந்த டயானா ஸ்குல்தோரி (டயானா மந்துவானா என்பதும் இவரே), ஓவியர் ஜூலியோ ரொமானோவின் வடிவமைப்பை ஒட்டி 1575-ல் செதுக்கிய ‘இயேசுவும் விபசாரப் பெண்ணும்’ செப்புத்தகடு அச்சின் ஒரு பிரதியை வைத்துக் கேட்கிறேன். போப் பதிமூன்றாம் கிரிகோரியிடம் அச்சுரிமை பெற்ற பெண் இவர். பழைய பட்டியல்கள் ‘டயானா கீசி’ என்று தவறாகக் குறிப்பதால், தேடும்போது அந்தப் பெயரையும் போடுங்கள்.

தகடு தேயும் முன் எடுத்த முந்தைய பதிவா, தேய்ந்த பின் எடுத்த பிந்தையதா என்ற சந்தேகம் தேய்மானத்தில்தான். முறுக்குத் தூண்களின் நிழலில் குறுக்குக்கோடுகள் சில இடங்களில் மங்கி, சாம்பல் திட்டாகத் தெரிகின்றன. அச்சு இயந்திரத்தில் செம்பு நசுங்க நசுங்க மெல்லிய கோடுகளே முதலில் போகும். ஆனால் மை சரியாக நிரம்பாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். தாளில் சங்கிலிக்கோடுகள் (வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி விட்டுத் தெரியும் இணைகோடுகள்) உண்டு, ஆக கம்பிவரித் தாள்தான் (laid paper). அது மட்டும் காலத்தைச் சொல்லிவிடாது.

இந்த அச்சின் வேறு பிரதி பார்த்தவர்கள் மூன்று விவரம் தாருங்கள்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த நீர்க்குறிப் (தாளுக்குள் தெரியும் தாள் தயாரிப்பாளரின் அடையாளம்) படம், சங்கிலிக்கோடுகளின் இடைவெளி மில்லிமீட்டரில், கீழ் ஓரத்தில் பதிப்பாளர் பெயர் உண்டா இல்லையா. ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பதிப்பாளர் பெயர் தகட்டில் பின்னால் சேர்ந்திருக்கலாம்; ஆனால் ஓரத்தோடு அது வெட்டுப்பட்டும் போயிருக்கலாம் என்பதால், பெயர் இல்லாததை வைத்து முந்தைய பதிவென்று முடிவு கட்ட முடியாது.