வெள்ளி அடைப்பைக் கழற்றி வெள்ளை அடைப்பு: திருகோணமலைப் பக்கம் கண்டவை (ஒவ்வொரு தலைப்பும் எழுதுபவரின் இடம்)

உவர்மலை:
கீழ்த்தாடை, இடப்பக்கம், முதலாவது கடைவாய்ப் பல். மூன்று பக்கத்தையும் பிடித்த பெரிய வெள்ளி அடைப்பு. ஒரு முகடு வெடித்திருந்தது, கழற்றித்தான் ஆகவேண்டும். றப்பர் டாம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் றப்பர் தாள்) போடவில்லை. பழைய பர் (பல் அரைக்கும் முனை) ஒன்றால் மேலிருந்து அரைத்துக்கொண்டே போனார்கள். மிஞ்சிய துண்டு துள்ளி நாக்கில் விழ, அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே விழுங்கு. வாயைத் திறந்தால் நாக்கு முழுக்கச் சாம்பல் நிறப் பொடி. அந்த நாக்குத்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

விழுங்கிய துண்டு அநேகமாக மலத்தோடு போய்விடும், குடல் அதை உறிஞ்சுவது மிகக் குறைவு. பயம் ஆவிக்குத்தான். வெள்ளி அடைப்பு என்பது அமல்கம், அதில் எடைக்கு ஏறக்குறையப் பாதி பாதரசம், மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அரைக்கும்போது சூடேறி ஆவி கிளம்பும். மூச்சோடு போகும் ஆவியில் 80 சதவீதமளவை உடம்பு உறிஞ்சிவிடும்.

ஆகவே அரைக்காமல் வெட்டவேண்டும். புதிய கார்பைட் பர், தண்ணீர் முழுவதும் திறந்தபடி. அடைப்பின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு. பிறகு எக்ஸ்கவேற்றர் என்ற சுரண்டும் கைக்கருவியை வெட்டுக்குள் விட்டு நெம்பினால் துண்டு துண்டாகக் கழன்று வரும். பெரிய சக்ஷன் குழாயின் வாய் பல்லிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில், கடைசிவரை அசையாமல் நிற்கவேண்டும். எச்சில் இழுக்கும் சின்னக் குழாய் இதற்குப் போதாது. றப்பர் டாமின் கிளிப்பில் புளோஸ் நூலைக் கட்டி வெளியே விடுங்கள், கிளிப் நழுவினால் இழுத்தெடுக்கலாம். எல்லாம் கழன்றபின் டாமை எடுக்கமுதல் நன்றாகக் கழுவி உறிஞ்சவேண்டும். எடுத்தபின் டாமின் அடியில் கசிந்ததற்காக வாயை மறுபடியும் கழுவி, கையுறையை மாற்றவேண்டும்.

என்னைக் கேட்டால் வாயில் உள்ள வெள்ளி முழுவதையும் இப்படி முறையாக எடுத்துவிடுவதே நல்லது.

நிலாவெளி வீதி:
உவர்மலை அண்ணா, வெட்டும் முறை முழுக்கச் சரி. கடைசி வரிக்குத்தான் உடன்பாடில்லை. ஆறு அடைப்பு, ஆறும் விளிம்பு கெடாமல் இருந்தன. ‘பாதரசம் வேண்டாம், எல்லாவற்றையும் இன்றைக்கே எடுங்கோ’ என்று அந்த மனிதர் பிடிவாதமாக நிற்க, ஒரே இருப்பில் எடுத்தார்கள். இரண்டு கிழமையில் இரண்டு பல் இராத்தூக்கமில்லாத வலி, இரண்டுக்கும் வேர்ச் சிகிச்சை. எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு, ‘முந்தி நோகவே இல்லையே டொக்டர்’ என்றார். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இருக்கவில்லை.

அடைப்பு வைக்கும் நாளிலும் கழற்றும் நாளிலும்தான் ஆவி அதிகம். சும்மா இருக்கும் அடைப்பிலிருந்து வருவது சொற்பம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும், குழி நரம்பை நோக்கி நகரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் சொன்னதும் இதுதான்: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள், சிறுநீரக நோயாளர் போன்றவர்களுக்குப் புதிதாக அமல்கம் வைப்பதைத் தவிர்க்கலாம், ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பைத் தேவையில்லாமல் கழற்றவேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் அமல்கத்தைப் பெரும்பாலும் நிறுத்தியது. அமல்கத்தைப் பொறுத்தவரை இரண்டுமே புதிதாக வைப்பதைப் பற்றியவை. இருப்பதைத் தோண்டச் சொல்லவில்லை.

எப்போது எடுப்பது? அடியில் புதுச் சொத்தை, அடைப்பு ஆடுவது, பல்லின் முகடு வெடிப்பது, கடித்து விடும்போது சுள்ளென்று குத்துவது. விளிம்பு சற்றுத் தேய்ந்து கோடு தெரிவது மட்டும் காரணமாகாது. கறுப்பாக இருக்கிறது என்பதும் காரணமாகாது. கர்ப்பமான பிள்ளைக்கு அவசரமில்லை என்றால் பிரசவம், பால்குடி எல்லாம் முடியட்டும்.

சீனக்குடா:
கறுப்பு என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. அடைப்பு கழன்றபின் குழியின் தரை கன்னங்கரேல் என்றிருந்தது. சொத்தை என்று நினைத்துத் தோண்டினார்கள், தோண்டத் தோண்டக் கறுப்பு. திடீரென்று நடுவில் கடுகளவு சிவப்புப் புள்ளி. நரம்பு திறந்துவிட்டது.

அந்தக் கறுப்பு அமல்கம் துருவேறி டென்ரினுக்குள் (எனாமலுக்கு அடியிலுள்ள பல்லின் உட்படைக்குள்) ஊறிய கறை. நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது, ஸ்பூன் எக்ஸ்கவேற்றரை மெல்ல இழுத்துப் பாருங்கள். வறவற என்று கீறும் சத்தம் வந்தால் பல் உறுதி, விட்டுவிடலாம். தோல்போல உரிந்து வந்தால் மட்டும் எடுங்கள். கறை வெள்ளைக்குள்ளால் நிழலாகத் தெரியும் என்றால் அடியில் ஒளி ஊடுருவாத மெல்லிய படை ஒன்று போட்டால் போதும்.

மூதூர்:
கொம்பொசிற் (லைட் காட்டி இறுக்கும் வெள்ளை அடைப்பு) ஒன்றுதான் மாற்று என்று நினைக்கவேண்டாம், பொடியும் திரவமும் கலந்து வைக்கும் கிளாஸ் அயனோமர் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லுக்கு அதுதான் கைகொடுக்கும். லைட் வேண்டாம், கரண்ட் போனாலும் இறுகும்.

ஒரு பிள்ளைக்கு அடைத்தது அடுத்த நாளே சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. காரணம் கலவை. திரவப் போத்தலைச் சரித்துப் பிடித்ததால் துளிக்குள் காற்றுக் குமிழ். போத்தலை நேர் செங்குத்தாகப் பிடித்து, முதல் துளியை விட்டுவிட்டு, இரண்டாவதை எடுக்கவேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி கரண்டியும் துளியும், கண்மட்டம் வேண்டாம். பொடியை இரண்டாகப் பிரித்து அரை நிமிடத்துக்குள் கலந்து முடியுங்கள். பளபளப்பு இருக்கும்போதே குழிக்குள் போகவேண்டும், மங்கியது பல்லில் ஒட்டாது. நம்முடைய சித்திரை வெயிலில் கண்ணாடித் தட்டு சூடாக இருந்தால் அந்த நேரமும் கிடைக்காது, தட்டைக் குளிரவைத்து ஈரம் துடைத்து எடுங்கள். பொடி மூடி திறந்து கிடந்தால் கடற்காற்று ஈரம் ஏறிவிடும். அடைத்ததும் மேலே வார்னிஷ், இல்லாவிட்டால் வசலின். ஒரு மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம்.

திருக்கடலூர்:
மூதூர் தங்கச்சி சொன்னது சின்னக் குழிக்கும் பாற்பல்லுக்கும் சரி. பெரியவரின் கடைவாய்ப் பல்லில், இரண்டு பல்லுக்கு இடையே இறங்கும் பெரிய குழிக்குக் கிளாஸ் அயனோமர் மட்டும் நிற்காது, மெல்லும் பாரத்தில் உடையும். அங்கே கொம்பொசிற்தான்.

கண்ட சம்பவம் சின்னது. வெள்ளை அடைப்பு பார்க்க அவ்வளவு அழகு. மூன்று மாதத்தில் அந்த மனிதர் திரும்பி வந்தார், சட்டைப்பையில் ஒரு பெட்டி பற்குச்சி. ‘கணவாய் சாப்பிடவே பயமாக இருக்கு.’ ஒவ்வொரு சாப்பாட்டிலும் நார் அந்த இடுக்கில் அடைந்து, முரசு வீங்கி இரத்தம் கசிந்தது.

ஏன் இப்படி? அமல்கத்தை அழுத்தி அடைக்கும்போது அது பல்லைச் சுற்றிப் போட்ட உலோகப் பட்டியைத் தள்ளிப் பக்கத்துப் பல்லோடு ஒட்டவைக்கும். கொம்பொசிற் தள்ளாது, இறுகும்போது சுருங்கவும் செய்யும். பழைய வட்டப் பட்டியையே சுற்றினால் இடைவெளி நிச்சயம். வளைந்த துண்டுப் பட்டி, முரசுப் பக்கத்தில் ஆப்பு, பல் இரண்டையும் மயிரிழை விலக்கிப் பிடிக்கும் வளையம், இந்த மூன்றும் வேண்டும். முடிந்ததும் புளோஸ் நூல் ‘டக்’கென்று இறங்கவேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் நோயாளியை எழுப்பவேண்டாம், அப்போதே திருத்துங்கள்.

பாஸ்போரிக் அமிலம் 37 சதவீதம்: பல்லின் வெளிப்படையான எனாமலில் தொடங்கி, டென்ரினில் 15 செக்கன்களுக்கு மேல் வைக்கக்கூடாது. கழுவியபின் டென்ரினைக் காற்றடித்துக் காயவைக்கவேண்டாம், இலேசான மினுக்கம் இருக்கட்டும். வரண்டால் பசை இறங்காது, பிறகு குளிர் பட்டால் கூசும். பசையை 20 செக்கன் தேய்த்து, மெல்லக் காற்றடித்து, லைட் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் திரும்ப அமிலத்திலிருந்து தொடங்கவேண்டும், துடைத்துவிட்டுத் தொடர்வதுதான் பல அடைப்புகளைக் கெடுக்கிறது. சாதாரண கொம்பொசிற் 2 மில்லிமீற்றர் படை படையாக, படைக்கு 20 செக்கன். பெட்டிக் குழியின் (இரண்டு பல்லுக்கு இடையே இறங்கும் பகுதியின்) அடி, லைட் நுனியிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி இருக்கும், அங்கே இரட்டிப்பு நேரம். லைட் நுனியில் பழைய கொம்பொசிற் ஒட்டிக் கிடந்தால் ஒளி குறைந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை நுனியைப் பாருங்கள், மானி இருந்தால் அளந்தும் பாருங்கள்.

கடைசியாகக் கடி. விறைப்பில் இருக்கும் ஆளுக்கு உயரம் தெரியாது. நிறத்தாளைக் கடிக்கவைத்து, கோடு விழும் இடத்தைச் சமன்செய்தபின்னும், ‘இரண்டு நாளில் கடிக்க நொந்தால் வாங்கோ’ என்று சொல்லி அனுப்புங்கள்.

நிலாவெளி வீதி:
கழற்றிய துண்டுகள் எங்கே போகின்றன என்று யாரும் எழுதவில்லையே? ஓரிடத்தில் அவை எரிக்கும் கழிவுப் பையில் கிடந்தன. பாதரசம் 357 பாகையில் கொதிக்கும், சூளைக்குள் போனால் புகைக்கூண்டால் காற்றில்தான். அமல்கம் இருக்கும் பிடுங்கிய பல்லும் அப்படியே, அதை நீராவியில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவிலும் போடக்கூடாது. சக்ஷன் வடியில் தேங்குவதைத் தொட்டியில் தட்டிக் கழுவினால் கான் வழியே உட்துறைமுகத்துக்குப் போகும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசம் என்ற நஞ்சாக்கும், சூரை மாதிரிப் பெரிய மீன்களில் அது சேரும்.

அகலவாய்ப் பிளாஸ்ரிக் போத்தல், திருகு மூடி, துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர். வெளியே ‘அமல்கம் – பாதரசம்’ என்று எழுதி ஒட்டி, வெயில் படாத தட்டில் வையுங்கள்.

மூதூர்:
வடியில் தேங்கியதும் அதே போத்தலுக்குள்ளா, வேறாகவா?

நிலாவெளி வீதி:
அதே போத்தல்தான் தங்கச்சி. வடியைக் குழாயடியில் பிடிக்காமல், கையுறையோடு போத்தலின் வாயில் கவிழ்த்துத் தட்டுங்கள்.