பழைய டாடா ஜெனான் பிக்கப்பை உயரத் தூக்கலாமா? தோட்டத்து ஏற்றத்துக்கு என்ன வேலை முதலில்?

கடையாலுமூட்டான்
வண்டி 2012 டாடா ஜெனான், 2.2 டைகோர், 4x4, டபுள் கேபின், வெள்ளை போர்டு. செகண்ட் ஹேண்டில் எடுத்தது. கடையாலுமூட்டுக்கு மேலே எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குப் போக மட்டும்தான் 4x4 தேவை. கடைசி ஏற்றம் செம்மண், நடுவில் உருட்டுப்பாறை. வெயில் காலத்தில் தொல்லை இல்லை. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இலை ஊறிக் கிடக்கும்போது சக்கரம் சுற்றுகிறது, வண்டி ஏறவில்லை. ஒரு இடத்தில் பின் ஹவுசிங் (பின் ஆக்சில் நடுவில் உள்ள குண்டு) பாறையில் இடிக்கிறது.

பட்டறையில் போட்டுத் தந்த பட்டியல்: முன்னால் டார்ஷன் பாரை முறுக்கி இரண்டு இஞ்ச் உயரம், பின்னால் கூடுதல் பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்), 265/70 டயர், ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் காற்று இழுக்க மேலே தூக்கி வைக்கிற குழாய்), இரும்பு பம்பர், வின்ச் (சிக்கின வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிற உருளை). இரண்டு லட்சம் சொல்கிறார்கள். இதில் எது உண்மையிலேயே வேண்டும்? விஷயம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்
தம்பி, இடிக்கிறது பின் ஹவுசிங் என்கிறீர்கள். பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கினால் சரக்குத் தொட்டியும் சேஸும்தான் உயரும். ஹவுசிங் ஆக்சிலோடு இருப்பது, ஆக்சில் டயர் மேல் நிற்பது. எத்தனை பட்டை வைத்தாலும் அந்தப் பாறைக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல் அளவும் அதிகமாகாது. டயர் உயரம் கூடினால் மட்டும், கூடினதில் பாதி கிடைக்கும். கணக்குப் பாருங்கள்: ஜெனானின் கம்பெனி டயர் 235/70 R16 உயரம் 735 மில்லி, 265/70 R16 உயரம் 777. வித்தியாசம் 42, ஹவுசிங்குக்குக் கிடைப்பது 21 மில்லி. அதற்கு இரண்டு லட்சமா? கடப்பாரை எடுத்துப் போய் அந்தப் பாறையின் மண்டையை உடையுங்கள். உங்கள் பட்டா நிலம்தானே.

சக்கரம் சுற்றுவது வேறு நோய். டயரில் எவ்வளவு காற்று வைத்து ஏறுகிறீர்கள்?

பட்டன் டயர்
லேத்து அண்ணன் சொன்ன கணக்கு சரி, முடிவு தப்பு. ஆஃப்ரோட்டில் இடிப்பது ஹவுசிங் ஒன்று மட்டுமா? ஏற்றத்தின் அடியில் முன் பம்பர், உச்சியில் வயிறு, இறங்கும்போது பின் பம்பர். இந்த மூன்றுக்கும் லிஃப்ட்தான், அதாவது வண்டியைத் தூக்குவதுதான் மருந்து. டபுள் கேபின் பிக்கப் நீளமான வண்டி, மேடு ஏறித் தாண்டும்போது நடுவயிறு தட்டும். அதுவும் போக, 265 போட்டால் முழு ஸ்டியரிங் ஒடிக்கையில் உள் மட்கார்டில் உரசும், லிஃப்ட் இல்லாமல் எப்படிப் போடுவது? டார்ஷன் முறுக்குவது சும்மா ஒரு போல்ட் வேலை, பார்ட்ஸ் செலவு கிடையாது. மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிற பையன்கள் எல்லாம் தூக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

லேத்துக்காரன்
தார்ப் பையன்கள் இரண்டு மூட்டை ஒட்டுப்பாலும் (காய்ந்த ரப்பர் பால்) ரப்பர் ஷீட்டுக் கட்டும் ஏற்றி இறங்குவதில்லை.

டார்ஷன் விஷயத்தை விளக்கமாகவே சொல்கிறேன், இங்கே பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஜெனானுக்கு முன்னால் காயில் ஸ்ப்ரிங் இல்லை, நீளவாக்கில் ஒரு இரும்புத் தண்டு, அதன் முறுக்கம்தான் ஸ்ப்ரிங். பின்முனையில் ஒரு போல்ட் இருக்கும், அதை இறுக்கினால் முன்பக்கம் எழும்பும். தண்டு அதனால் கெட்டிப்படாது. கெட்டியாகத் தெரிவதற்குக் காரணம், மேல் ஆர்ம் ஏற்கெனவே கீழ் எல்லைக்குப் போய் நிற்பது. சக்கரம் மேலே போக இடம் நிறைய, கீழே இறங்க இடமே இல்லை. குழியில் சக்கரம் தொங்கி மண்ணைத் தொட வேண்டிய நேரத்தில் தொடாது. ஆக, பிடிமானத்துக்காக முறுக்கப் போய் பிடிமானத்தையே குறைக்கிறீர்கள்.

அப்புறம் முன் ஆக்சில் சி.வி. ஜாயிண்ட், சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்துகிற மூட்டு. அது ஓரளவு நேராக இருக்கிற வரைக்கும் பல வருஷம் உழைக்கும். இரண்டு இஞ்ச் தூக்கினால் கோணம் ஏறி அதை மூடுகிற பூட் ரப்பர் மடிப்பில் மடிப்பு உரசிக் கிழியும். கிரீஸ் வெளியே வரும், செம்மண் உள்ளே போகும். மீதியை நான் சொல்லவேண்டாம்.

பட்டன் டயர்
ஒன்று கேட்கிறேன். இந்த வயதான வண்டியில் டார்ஷன் பார் தளர்ந்து முன்பக்கம் உட்கார்ந்திருக்காதா? அதைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவருவதும் உங்கள் கணக்கில் பாவமா?

லேத்துக்காரன்
அது பாவமில்லை, அவசியம். கம்பெனி உயரம் வரை முறுக்கலாம், அதற்குத்தான் அந்த போல்ட். முறுக்கின கையோடு வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புது டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்துவிடும். நான் எதிர்ப்பது அதற்கு மேலே போவதை.

குளச்சல் ஐஸ்பெட்டி
எல்லாரும் உயரத்தையே பேசுகிறீர்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றாரே, யாரிடமிருந்து வந்தது? கடற்கரையில் மீன் ஏற்றின வண்டியா? ஐஸ் உருகின உப்புத்தண்ணி தொட்டி ஓட்டை வழியே நேரே சேஸ் மேல்தான் வடியும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், சேஸ் பெட்டிக்குள்ளே இரும்பு இலை இலையாக உரிந்து கிடக்கும். பின்பட்டை ஷேக்கிள் தொங்குகிற பிராக்கெட் பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்டால் வேறு எந்த வேலையும் தொடங்க வேண்டாம், முதலில் வெல்டரைக் கூப்பிடுங்கள். மட்கின சேஸில் வின்ச் மாட்டி இழுத்தால் வண்டி அங்கேயே நிற்கும், பம்பர் மட்டும் போகும்.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கச் சொல்வார்கள் நம்ம ஊரில். பட்டை புஷ், பிரேக் ஹோஸ் மேல் படாமல் அடிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ரப்பர் அந்த ஆயிலில் ஊதிப் பிசுபிசுத்துவிடும். மெழுகு கோட்டிங் நல்லது.

கடையாலுமூட்டான்
ஐஸ்பெட்டி அண்ணே, முந்தின ஓனர் தேங்காப்பட்டணம் பக்கம்தான். காலையில் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் நன்றாகக் கேட்கிறது. இடது ஷேக்கிள் பிராக்கெட் மேலே இரண்டு விரல் அகலத்துக்குச் செதில் உதிர்ந்தது, ஸ்க்ரூடிரைவர் வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கவில்லை. பட்டை புஷ் மட்டும் முழுக்கப் போய்விட்டது, கடப்பாரை போட்டு நெம்பினால் ஆடுகிறது.

காற்றைப் பற்றி லேத்து அண்ணன் கேட்டார். எப்போதும் 35 psiதான். குறைத்ததில்லை.

லேத்துக்காரன்
35 வைத்துக்கொண்டு ஊறின இலை மேல் ஏறினால் வழுக்கத்தான் செய்யும். தோட்டத்து கேட்டில் நிறுத்தி நாலு டயரையும் 20, 22க்கு இறக்குங்கள். டயர் பரந்து படியும், கல்லைக் கவ்வும். திரும்பி தார் ரோட்டுக்கு வருமுன் காற்றைப் பழையபடி ஏற்றியே ஆக வேண்டும், குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும். பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் விட அதுதான் முதல் செலவு.

ஏற்றத்துக்கு முன்பே 4L (நாலு சக்கரமும் இழுக்கிற லோ கியர்) போடுங்கள், வழுக்கின பிறகு தேடாதீர்கள். சுமையோடு இறங்கும்போதும் 4Lல் முதல் கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டாம். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் 4x4 போட்டு வளைக்கக் கூடாது, முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு இழுக்கும்.

பட்டன் டயர்
காற்றை இறக்குவது எனக்கும் சம்மதம். ஆனால் ரோட்டு டயரில் காற்றை இறக்கி என்ன செய்ய? பள்ளத்தில் செம்மண் அடைத்தால் அது வழுவழுப்பான உருளைதான். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் மண்ணைத் தள்ளும், பக்கச் சுவரும் தடிமன். ஸ்நார்க்கலும் வேண்டும், ஓடை இருக்கிறதா இல்லையா?

கடையாலுமூட்டான்
ஒரு ஓடை உண்டு. மழையில் முட்டளவு வரும். அதற்கு மேலே வந்தால் நாங்களே போகமாட்டோம்.

லேத்துக்காரன்
முட்டளவுக்கு ஸ்நார்க்கல் அலங்காரம். உங்களுக்கு வேண்டியது பிரீதருக்கு, அதாவது ஹவுசிங் மூச்சு விடுகிற ஓட்டைக்கு, ஒரு குழாய். ஏற்றம் இறக்கத்தில் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஒரு மாதம் கழித்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பால் கலந்த டீ மாதிரி ஆயில் வரும். பிரீதரிலிருந்து டீசல் ஹோஸ் ஒன்றை டெயில் லேம்ப் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள், சில நூறு ரூபாய் வேலை. இப்போது ஒரு தடவை பின் ஹவுசிங், முன் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்பர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) மூன்றிலும் ஆயில் மாற்றுங்கள். மூன்றுக்கும் ஒரே ஆயில் என்று ஊற்றுகிறவர்கள் உண்டு, வண்டிப் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான்.

ஃபைலும் பேனாவும்
இடையில் ஒரு வார்த்தை. இரும்பு பம்பர், புல் பார் ஆகியவற்றுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொல்லியாயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உங்கள் வண்டி 2012. 2027ல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இதெல்லாம் கேள்வியாக வரும். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் ஒரு சாக்கு.

இன்னொன்று. தோட்டத்துக்குத் தூக்கின வண்டி அப்புறம் கோதையாறு, கீரிப்பாறை என்று காட்டுக்குள் போகத் துடிக்கும். குமரி மாவட்டத்துக் காட்டில் பெரும்பகுதி 2008லிருந்து வன உயிரினச் சரணாலயம்.

பட்டன் டயர்
ஐயா, ஆர்.டி.ஓ. ஆபீசில் வேலை பார்த்தீர்களா? ரோட்டில் ஓடுகிற பாதி வண்டியில் ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது.

ஃபைலும் பேனாவும்
பாதி வண்டிக்காரர்கள் இங்கே கேள்வி கேட்கவில்லையே. கேட்டவருக்குச் சொன்னேன்.

குளச்சல் ஐஸ்பெட்டி
வின்ச்சை எதில் கட்டுவீர்கள்? ரப்பர் மரத்திலா? பால் வெட்டுகிற மரப்பட்டையில் இரும்புக் கயிறு ஒருதடவை இறுகினால் அந்த மரத்தில் பால் பார்த்த மாதிரிதான். ஒக்கிப் புயலில் தப்பின மரத்தை வின்ச்சுக்குக் கொடுக்க வேண்டாம். அகலமான நாடா வாங்குங்கள், எல்லையில் அயனி மரம் ஏதாவது நின்றால் அதில் கட்டுங்கள்.

பட்டன் டயர்
நாடா சரி. வின்ச் கனம் மூக்கில் ஏறும், அதற்காகவாவது டார்ஷன் கொஞ்சம் முறுக்க வேண்டும் என்று லேத்து அண்ணன் ஒத்துக்கொள்வாரா?

லேத்துக்காரன்
வின்ச் வைத்தால் முறுக்க வேண்டும் என்றால், வின்ச் வேண்டாம். முன்னும் பின்னும் சேஸில் போல்ட் போட்ட கொக்கி, ஒரு நல்ல இழுவை நாடா, பக்கத்துத் தோட்டத்து டிராக்டர். போதும்.

பின்னால் கூடுதல் பட்டை போடுவதில் இன்னொரு விஷயம் யாரும் பேசவில்லை. சில பிக்கப்பில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். வண்டியைத் தூக்கினால் அது எப்போதும் காலி வண்டி என்றே நினைக்கும், ஷீட்டு ஏற்றி இறங்கும்போது பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். அடியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் பட்டையைத் தொட விடாதீர்கள்.

கடையாலுமூட்டான்
சரி, எனக்கு இப்போது தெளிவு. இடது பிராக்கெட்டுக்குத் துரு சுரண்டி பிளேட் வெல்டிங், பட்டை புஷ் செட், மூன்று ஆயில், பிரீதர் ஹோஸ், கம்ப்ரசர். டார்ஷன் கம்பெனி உயரம் வரை. டயர் 265 வேண்டாம், 245/75 R16 ஆல்-டெரெய்ன் பார்க்கிறேன், உயரம் ஏறக்குறைய அதேதான், அகலம் குறைவு. பம்பர், ஸ்நார்க்கல், வின்ச், கூடுதல் பட்டை இல்லை.

பட்டன் டயர்
245/75 உரசும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரசினால் இங்கே வந்து சொல்லுங்கள், லிஃப்ட் விலை அப்போது பேசலாம்.

லேத்துக்காரன்
ஒரு டயரை மட்டும் மாட்டி, முழு ஸ்டியரிங் ஒடித்து, முன்பக்கம் ஜாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63ல் போகும், அதையும் மனசில் வையுங்கள். டார்ஷன் போல்ட்டைத் தொடுமுன் இரண்டு பக்கமும் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, ஹப் நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், டீசல் பாதி டேங்க், தொட்டி காலி. பட்டறைக்காரர் கண்ணளவு என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.