நாகர்கோவிலிலிருந்து எட்டுப் பாட்டு பாப் ராக் ஆல்பம்: டிரம்ஸ் எங்கே பதிவது, எப்போது வெளியிடுவது?

தோவாளைப்பூ எழுதியது:

வணக்கம். எட்டுத் தமிழ்ப் பாட்டு, மொத்தம் 32 நிமிடம். பாடகி ஒருவர், எலக்ட்ரிக் கிட்டார் இரண்டு, அக்கூஸ்டிக் ஒன்று, பேஸ், டிரம்ஸ். எல்லாவற்றுக்கும் போனில் எடுத்த டெமோ உண்டு. கையில் இருப்பது இரண்டு மைக் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு எஸ்எம்57 டைனமிக் மைக், ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் போட்ட லேப்டாப். அறை பத்துக்குப் பத்து, கான்கிரீட். உயரமும் பத்தடிதான்.

டிரம்ஸை இதே அறையில் எடுக்கலாமா, திருவனந்தபுரம் ஸ்டுடியோவுக்குப் போகணுமா, இல்லை கம்ப்யூட்டர் டிரம்ஸ் போதுமா? இன்னொன்று, டெமோவில் குரல் பாட்டோடு ஒட்டவில்லை. ஆங்கிலப் பாட்டுக்குத் தமிழ் வரி ஒட்டவைத்த மாதிரி இருக்கு. எங்கே பிழை? மாஸ்டர் (வெளியிடும் இறுதி வடிவம்) எவ்வளவு சத்தமாக இருக்கணும்? டிசம்பரில் வெளியிடலாம் என்று இருக்கிறோம்.

வீசுகோல் எழுதியது:

அந்த அறையில் டிரம்ஸ் வேண்டாம். சின்ன அறை என்பதைவிட மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதுதான் வினை. பத்தடி என்றால் 3.05 மீட்டர். ஒலியின் வேகம் 343ஐ அதன் இரட்டிப்பால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 112, 168ம் நீளத்திலும் அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்தே எகிறும். கிக் டிரம் பேசுகிற இடமே அதுதான். மைக்கை ஓரடி நகர்த்தினால் கிக் வீங்கும், இன்னும் ஓரடி நகர்த்தினால் காணாமல் போகும். மிக்ஸில் ஈக்யூ போட்டு, அதாவது அந்த ஒலிகளைக் கூட்டிக் குறைத்து, இதைத் திருத்த முடியாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் சிம்பலின் கூர்மை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், 56 ஹெர்ட்ஸ் அட்டையைக் கண்டுகொள்ளவே செய்யாது. நாலு அங்குல கனத்தில் ராக்வூல் பலகை செய்து நாலு மூலையிலும் நிறுத்துங்கள். குரலுக்கும் கிட்டாருக்கும் அது போதும்.

டிரம்ஸுக்கு சர்ச் பங்கு மண்டபமோ கல்யாண மண்டபமோ தேடிப் போகிறவர்கள் உண்டு. அங்கே எதிரொலி அடங்கவே நேரம் எடுக்கும். சிம்பல் எல்லாம் ஒரே இரைச்சலாகச் சேர்ந்துவிடும். பலகைத் தட்டு போட்ட பழைய ஓட்டு வீட்டின் பெரிய அறை கிடைத்தால் அதுதான் நம்மூரில் ஸ்டுடியோவுக்கு அடுத்தபடி. மரம் ஒலியைக் கொஞ்சம் குடிக்கும், சுவர்கள் ஒரே அளவில் இருக்காது. மழை நாளில் மட்டும் ஓடு காட்டிக்கொடுத்துவிடும். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் தவிர்த்துத் தேதி போடுங்கள்.

நாலு மைக் போதும்: கிக், ஸ்னேர், மேலே இரண்டு. நாலு மைக் ஏற்கும் இன்டர்ஃபேஸை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கிளின் ஜான்ஸ் முறைப்படி ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாம் பக்கமாக ஸ்னேரைப் பார்த்து. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டுக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். டேப்பெல்லாம் வேண்டாம், ஒரு கயிற்றை ஸ்னேரின் நடுவில் பிடித்து இரண்டு மைக்குக்கும் இழுத்துப் பாருங்கள். அரையடி பிசகினாலே ஸ்னேர் மெலிந்து தகரம் தட்டின மாதிரி ஆகும். அப்படி ஆனால் முதலில் ஒரு தடத்தின் ஃபேஸை (அலையைத் தலைகீழாக) திருப்பிக் கேளுங்கள், பிறகு ஈக்யூவைத் தொடுங்கள்.

குழி விழுந்த ஸ்னேர் தோலை எந்த மிக்ஸும் காப்பாற்றாது. புதுத் தோல் போட்டு, இரண்டு பாட்டுக்கு ஒருதரம் சுருதி பாருங்கள். முதல் அரை நாள் வெறும் செட்டிங்குக்கே போகும். பாட்டுக்கு மூன்று முழு டேக் எடுத்தால் இரண்டு நாளில் எட்டையும் முடித்துவிடலாம். ஆனால் கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி), வழிகாட்டிக் கிட்டார், வழிகாட்டிக் குரல் மூன்றும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அங்கே போய் வேகத்தை 118ஆ 122ஆ என்று விவாதிப்பதில்தான் பாதி நாள் கரையும்.

ஸ்டுடியோ எந்த சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது), 48 கிலோஹெர்ட்ஸில் எடுக்கிறதா 44.1லா என்று முதலிலேயே கேட்டு உங்கள் ப்ராஜெக்ட்டையும் அதற்கே மாற்றுங்கள். 44.1ல் எடுத்ததை மாற்றாமல் 48ல் ஓட்டினால் ஒன்றரை செமிடோன் அளவு சுருதி ஏறி, வேகமும் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். டிரம்ஸ் மட்டும் இப்படி ஓடினால் சுருதி ஏறியது யாருக்கும் உறைக்காது, எல்லாப் பழியும் டிரம்மர் தலையில் விழும்.

குழித்துறைபேஸ் எழுதியது:

வீசுகோல் அண்ணன் சொன்னது ஒக்க சரி, ஆனா எட்டுக்கும் அசல் டிரம்ஸ் எதுக்கு மக்கா? மெதுவான பாட்டு ரெண்டு மூணு இருக்கும்லா, அதுக்கு எலக்ட்ரானிக் கிட் போதும். ஆள் வாசிச்சு மிடி (எந்த அடி, எவ்வளவு அழுத்தம்னு குறிக்கிற பதிவு) எடுங்க, மவுஸ் வச்சு வரையாதீங்க. கை அழுத்தம் அடிக்கு அடி மாறும், அதுதான் உயிரு. கம்ப்யூட்டர் டிரம்ஸைக் காட்டிக்கொடுக்கிறது கிக்கும் ஸ்னேரும் இல்ல, ஹை ஹாட்டு. எல்லா அடியும் ஒரே அழுத்தத்துல கேட்டா குழந்தைகூட கண்டுபிடிச்சிரும். நம்ம மாவட்டத்துல சர்ச் கோயர்ல வாசிக்கிற பிள்ளேளுக்கு எலக்ட்ரானிக் பேட் நல்லா பழக்கம், ஆள் கிடைக்கும்.

வீட்டுல எடுக்கும்போது கரண்டைக் கவனிங்க. மின்வாரியம் மாசாந்திரப் பராமரிப்புன்னு பேப்பர்ல போடுற நாளுல வேலை வைக்காதீங்க. கரண்ட் போயி ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடுனா சிங்கிள் காயில் கிட்டார் கர்ருன்னு இரையும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டுனா பாதி இரைச்சல் போயிரும். ஃபேனும் நிப்பாட்டணும், வேர்த்தாலும் சகிச்சுக்கிடுங்க.

கிட்டாரை இடதுபக்கம் ஒண்ணு வலதுபக்கம் ஒண்ணுன்னு விரிக்க, அதே டேக்கை காப்பி அடிச்சுப் போடக்கூடாது. அது நடுவுலயே கிடக்கும், விரியாது. ரெண்டு தடவை வாசிக்கணும். கடற்கரைப் பக்கம்னா உப்புக் காத்துல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி மாத்தி நல்லா இழுத்து விடுங்க. பன்னிரண்டாம் ஃப்ரெட்ல சுருதி நிக்குதான்னு பாருங்க. சும்மா மீட்டினா சரியா இருக்கும், மேல போனா பேசாது.

பேஸை நேரா இன்டர்ஃபேஸ்ல செருகுங்க. அதோட ஒரு நகல் எடுத்து, கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டு அடியில கலங்க. போன் ஸ்பீக்கர்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் வராது, அந்தக் கரகரப்பை வச்சுத்தான் காது பேஸைப் பிடிக்கும். மினிபஸ்ல ஒருக்கா போட்டுக் கேட்டா கொள்ளாமா இல்லியான்னு தெரிஞ்சிரும்.

நெடில் எழுதியது:

குரல் ஒட்டாததற்கு மைக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மெட்டுக்கு வரி எழுதும்போது நேரும் மூன்று பிழைகளை முதலில் பாருங்கள்.

ராக் மெட்டில் தாளம் விழுவதற்கு முன்னாலேயே ஓர் அசை தொடங்கி, இரண்டாவது அசை அடியில் விழும். ஆங்கிலத்தில் அங்கே ஒரு சின்னச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ச் சொல்லுக்கு அழுத்தம் தலையில். சொல்லின் முதல் அசையை அடிக்கு வெளியே தள்ளி இரண்டாவதை அடியில் போட்டால் வேற்றுமொழிக்காரர் தமிழ் பேசுவது போல் ஆகும். அந்த இடத்தில் "அட", "ஏ", "நீ" என்று தனிச்சொல் ஒன்றை வைத்துவிட்டு, அடுத்த சொல்லை அடியில் தொடங்குங்கள்.

அடுத்தது குறில் நெடில். நீளும் ஸ்வரத்தில் குறில் வந்தால் பொருளே மாறும். "விடு" என்று பாடினால் "வீடு" என்று கேட்கும், "மலை" "மாலை" ஆகும். நீளும் இடங்களை டெமோவில் குறித்து, அங்கே நெடில் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மூன்றாவதுதான் கோரஸைக் கெடுப்பது. காற்று, நேற்று, கிழக்கு போன்ற சொற்களின் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அதை நாலு அடி இழுத்தால் உதடு குவிந்து குரல் அடைபடும், உச்ச ஸ்வரத்தில் இன்னும் மோசம். "வாசல் தேடும் உப்புக் காற்று" என்று முடிப்பதைவிட "காற்றில் உப்பு வாசமா" என்று முடித்தால் பாடகிக்கு வாய் திறக்க இடம் கிடைக்கும்.

கடைசி எழுத்தில் மட்டும் ஒலி ஒன்ற வைப்பதும் இறக்குமதி வாசம் வீசக் காரணம். நம் காது எதுகையையும் மோனையையும் தேடும். இரண்டாம் எழுத்து ஒன்றினாலே வரி நிற்கும்.

தோவாளைப்பூ எழுதியது:

நெடில் அக்கா, எட்டில் ஐந்து கோரஸ் உகரத்தில்தான் முடிகிறது. இன்றைக்கே மாற்றத் தொடங்குகிறோம். "எனக்க", "உனக்க" (என்னுடைய, உன்னுடைய) என்று நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு பாட்டு இருக்கு. வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா?

நெடில் எழுதியது:

"எனக்க" புரியும். "உனக்க" கொஞ்சம் ஆபத்து, நீட்டினால் "உனக்கா" என்று கேள்வியாகக் கேட்கும். அடுத்த சொல்லை உடனே ஒட்டி, "உனக்க வீட்டு" என்று மூச்சு விடாமல் பாடச் சொல்லுங்கள். இதற்காக அந்தப் பாட்டைப் பொதுத்தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள்.

பாடும்போது வாய்க்கும் மைக்குக்கும் ஆறு எட்டு அங்குலம், நடுவில் பாப் ஃபில்டர். "ப" வெடிக்கிற வரிகளில் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். அளவு 24 பிட்டில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு நாளுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வைக்காதீர்கள், உச்சம் உள்ள பாட்டு முதலில்.

ஆரல்காற்று எழுதியது:

வெளியீடு பற்றி. டிசம்பர் வேண்டாம். டிசம்பர் 3ல் கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும், உடனே கரோல், கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர். வாசிக்கிறவர்களும் கேட்கிறவர்களும் அந்த மாதம் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், கூம்பு ஸ்பீக்கர் ஓடும் ஊரில் குரல் பதியவும் முடியாது. பங்குனி, சித்திரை பரீட்சைக் காலம். பொங்கல் கழிந்து தை முடிவதற்குள் வெளியிட்டால், மாசியில் மண்டைக்காடு கொடை தொடங்கும் முன் கொஞ்சம் மூச்சு விடலாம்.

எட்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஐந்தாறு வார இடைவெளியில் இரண்டு தனிப்பாட்டு, பிறகு ஆல்பம். ஸ்பாட்டிஃபையில் வெளிவராத பாட்டை மட்டும்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான், அவர்களின் பட்டியல் குழுவுக்கு அனுப்ப முடியும். நல்ல பாட்டையெல்லாம் முன்பே விட்டுவிட்டால் ஆல்பம் வரும் நாளில் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் அது வரும். அதற்கு வசதியாக, பாட்டை இந்தத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். தனிப்பாட்டாக வந்ததை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே ஆடியோ, அதே ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்). புது எண் வாங்கினால் பழைய கணக்கு சேராது.

சத்தம்: லஃப்ஸ் என்பது பாட்டின் சராசரிச் சத்த அளவு. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸுக்குச் சமன்செய்யும், ஆப்பிள் மைனஸ் 16க்கு. அதனால் மாஸ்டரையும் 14லேயே நிறுத்தணும் என்று இல்லை. ராக்குக்கு மைனஸ் 10 வந்தாலும் அவர்களே குறைத்துக்கொள்வார்கள். ஆனால் 7, 8 என்று நசுக்கினால் குறைத்த பிறகு ஸ்னேரின் அடி போய்ச் சப்பென்று இருக்கும். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) 14ஐவிடச் சத்தமான மாஸ்டரில் மைனஸ் 2 டெசிபலுக்குக் கீழே. ஆல்பமாக வரிசையில் கேட்டால் முழு ஆல்பத்துக்கும் சேர்த்தே ஒரு அளவு குறைப்பார்கள், அதனால் மெதுவான பாட்டை மற்றதோடு சமமாக உயர்த்தாதீர்கள். மெதுவாகவே இருக்கட்டும்.

ரெடிமேட் லூப் ஏதாவது பயன்படுத்தியிருந்தால் அந்தப் பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் கண்டுபிடிக்கும் அமைப்பு) பதியாதீர்கள். அதே லூப்பை வேறு யாரோ போட்டிருப்பார், இரண்டு பேருக்கும் உரிமைத் தகராறு ஓடும். காசு வாங்கிப் பட்டியலில் சேர்க்கிறேன் என்று வருகிறவர்களை அண்டவிடாதீர்கள். அதில் பல இயந்திரம் ஓட்டும் போலிக் கேட்பு, பிடிபட்டால் பாட்டே இறக்கப்படும். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 கேட்பைத் தொடாவிட்டால் ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை என்பதாலும் பலர் இந்த வலையில் விழுகிறார்கள்.

விநியோகத் தளம் வசூலிப்பது ஒலிப்பதிவுக்கான பங்கு மட்டும். வரி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள ராயல்டிக்கு ஐபிஆர்எஸ் என்ற ராயல்டி வசூலிக்கும் சங்கத்தில் தனியாகச் சேர வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். டிரம்மருக்கு ஒருமுறைக் கூலியா, பங்கா என்பதையும் சேர்த்து.

குழித்துறைபேஸ் எழுதியது:

ஆரல் அண்ணே, ரெண்டு தனிப்பாட்டு போதாது, மூணு வேணும். யாரும் ஆல்பம் முழுசா கேக்கிறதில்ல.

ஆரல்காற்று எழுதியது:

மூன்று விட்டால் மிச்சம் ஐந்து. அதில் நல்லது ஒன்று நிச்சயம் இருக்கு என்றால் விடுங்கள், இல்லையென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். முதல் பாட்டு வந்த இரண்டு வாரத்தில் மொத்தக் கேட்பை மட்டும் பார்க்காமல், கேட்டவர்களில் எத்தனை பேர் சேமித்தார்கள் என்று பாருங்கள். கேட்பு கூடி சேமிப்பு கூடவில்லை என்றால் முன்னிசை நீளம் ஒரு காரணமாக இருக்கலாம். 30 வினாடி தாண்டினால்தான் ஒரு கேட்பு. அதற்குள் குரல் வந்துவிடணும். உங்கள் டெமோவில் குரல் எத்தனையாவது வினாடியில் வருகிறது?

தோவாளைப்பூ எழுதியது:

இரண்டாவது பாட்டில் 41. மற்றதெல்லாம் 20க்குள்.

வீசுகோல் எழுதியது:

அந்த 41ஐ டிரம்ஸ் பதிவுக்கு முன்னாலேயே வெட்டிவிடுங்கள். அசல் டிரம்ஸ் பதிந்த பிறகு நடுவில் வெட்டினால் சிம்பலின் வால் அறுந்து ஒட்டுத் தெரியும்.